கமாலுதீன் சாரும் ரத்தத்தில் ஒட்டும் மருந்தும்

அன்று பௌர்ணமி. செங்கம் சாலையில் பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். நான் தேர்வுத்தாள்களைத் திருத்தித் திருத்திக் கண் எரிந்து, சற்றுப் படுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி அட்டெண்டர் ஏழுமலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். கிரிவலக் கூட்டத்தில் ஓட்டிவர வழியில்லை போலிருக்கிறது, சட்டையெல்லாம் வியர்வை.

"மேடம், கமாலுதீன் சார் தவறிட்டாருங்க. மத்தியானம் சாப்ட்டுட்டு படுத்தாராம். எழுந்துக்கவே இல்லையாம்."

"யாரு, ரஷீதாவா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. சார்தான்."

கேட்ட பிறகுதான் என் கேள்வியின் கோணல் எனக்கே தெரிந்தது. அவர் மனைவி ரஷீதா புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு மீண்டவள். அந்த வீட்டிலிருந்து ஒரு கெட்ட செய்தி வருமென்றால் அது அவளைப் பற்றித்தான் வரும் என்று நாங்கள் எல்லோரும், கமாலுதீன் சார் உட்பட, பல வருடமாக மனத்தைத் தயாராக வைத்திருந்தோம். சாவுக்கு நம்முடைய தயாரிப்பெல்லாம் ஒரு பொருட்டா என்ன.

ஊருக்குள் போக நடக்க வேண்டியிருந்தது. மலை சுற்றுகிறவர்கள் எல்லாம் எனக்கு எதிரே வந்தார்கள். ஒரு பெரியவர் நின்று, "எதிர போறியேம்மா, சுத்தறது இந்தப் பக்கம்" என்று கை காட்டினார். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். முழங்கால் வலி, வெயிலின் மிச்சம், தோளில் இடிக்கும் ஜனங்கள். மசூதித் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

இந்தக் கல்லூரி மலருக்கு நான் அஞ்சலி எழுதுவது முதல்முறை அல்ல. மூத்தவள் என்பதாலும், தமிழில் பிழையில்லாமல் எழுதுவேன் என்று யாரோ கிளப்பிவிட்டதாலும், ஒவ்வொரு சாவுக்கும் இந்த வேலை என் தலையில் விழுகிறது. கை அலுத்துவிட்டது. 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுதி எழுதி அந்தச் சொற்களில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. கமாலுதீன் சாரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிக்கப் போகிறீர்கள். உங்களிடம் அவர் பெருமையைப் பாட எனக்கு இஷ்டமில்லை. அவர் செய்த ஒரு பெரிய தப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவர் இருந்தால் அதைத்தான் எழுதச் சொல்லியிருப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் வேதியியல் துறையில் சேர்ந்தார். நான் அதற்கு முன்பே விலங்கியலில் இருந்தேன். அவருடைய அப்பா தேரடி வீதிப் பக்கம் பூட்டு, கீல், ஆணி விற்கும் கடை வைத்திருந்தார். பல தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். கடையில் உட்கார வேண்டிய பிள்ளை எம்.எஸ்.சி. படித்துவிட்டு வந்ததில் அப்பாவுக்குப் பெருமையா வருத்தமா என்று யாருக்கும் விளங்கவில்லை. வகுப்பில் ஒருநாள் கந்தகத்தைப் பற்றிச் சொல்லும்போது, ஒரு பெண்ணின் வெள்ளி மோதிரத்தைக் கேட்டு வாங்கி அவித்த முட்டைக்குள் செருகிவைத்தார். வகுப்பு முடிவதற்குள் மோதிரம் கறுத்துவிட்டது. முட்டையில் கந்தகம் இருக்கிறது, வெள்ளி அதைப் பிடித்துக்கொண்டது என்று இவர் மகிழ்ச்சியாக விளக்க, அந்தப் பெண் ஓவென்று அழ, மத்தியானம் முழுக்க ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பல்பொடி போட்டு மோதிரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது என்னிடம் சொன்னார்: "எது எதோட ஒட்டும்னு தெரிஞ்சா கெமிஸ்ட்ரில பாதி முடிஞ்சுது மேடம். மீதிப் பாதி, ஒட்டினத பிரிக்கறது. அதுதான் கஷ்டம்."

கந்தகத்தின் மேல் இதே ஆசை கொண்ட இன்னொரு உலோகம் பிளாட்டினம். அதை வைத்துத்தான் அவர் பகுதிநேர ஆராய்ச்சி செய்தார். பிளாட்டினத்தைக் கொண்டு செய்த ஒரு மருந்து புற்றுநோய்க் கட்டிகளைக் கரைக்கிறது என்று வெளிநாட்டில் கண்டுபிடித்திருந்தார்கள். நம் ஊரில் அப்போது அதை யாரும் கண்ணால் கண்டதில்லை. சென்னையில் இருந்த அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் எங்கிருந்தோ கொஞ்சம் பிளாட்டினம் உப்பு வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து இவரே அந்த மருந்தைத் தயாரித்தார். மஞ்சள் தூள், ஒரு சிட்டிகை. அது ரத்தத்தில் போனால் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

ரத்தத்துக்கு எங்கே போவது? அவருடைய மச்சான் கறிக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டு ரத்தத்தைத் தூக்குவாளியில் பிடித்து, சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக் கல்லூரிக்குக் கொண்டுவருவார். அது உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்துக்கொள்வார். திங்கட்கிழமை வேதியியல் ஆய்வகத்தில் வாடை தாங்காது. முதல்வர் கூப்பிட்டு, "கமாலுதீன், ஊர் நடுவுல அவ்ளோ பெரிய கோயில் இருக்குது, நீங்க ரத்தத்த வெச்சிக்கினு இன்னா பண்றீங்க?" என்று கேட்டார். "கோயிலுக்கு ஒண்ணும் ஆகலைங்க சார். பசங்க மூக்குதான் தாங்கல" என்றார் இவர். கடைசியில் என் ஆய்வகத்தின் ஒரு மூலையை அவருக்குக் கொடுத்தேன். பார்மலினில் ஊறும் தவளைகளுக்கும் பாம்புகளுக்கும் நடுவில் எந்த வாடையும் தனியாகத் தெரியாது. எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

அந்தச் சோதனையை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ரத்தத்தின் தெளிநீரையும் மருந்தையும் கலந்து மெல்லிய செலஃபேன் பையில் கட்டி உப்புத் தண்ணீரில் தொங்கவிடுவார். மருந்து சின்னது, பையின் கண் வழியாக வெளியே வந்துவிடும். ரத்தத்தில் உள்ள புரதம் பெரியது, அதால் வர முடியாது. வெளித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து வேறொரு ரசாயனம் விட்டால், பிளாட்டினம் இருக்கும் அளவுக்கு மஞ்சள் நிறம் ஏறும். கலந்த உடனே தொங்கவிட்ட பைக்கு வெளியே நல்ல மஞ்சள். கலந்து சில மணி நேரம் கழித்துத் தொங்கவிட்ட பைக்கு வெளியே கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். புரதத்திலும் கந்தகம் உண்டு, மருந்து அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிட்டது.

"பைய விட்டு வெளிய வரல மேடம். புடிச்சா விடாது. இப்படி ஒட்டினது கட்டிகிட்ட போய் எந்த வேலையும் செய்யாது. ஒட்டாம தப்பிச்சு ஓடற கொஞ்சம்தான் மருந்து. மிச்சமெல்லாம் தண்டம்" என்றார்.

ஆராய்ச்சி முடியவில்லை. பிளாட்டினம் உப்பு தீர்ந்தது, வழிகாட்டி ஓய்வு பெற்றார், இவருக்கு வீட்டுப் பாரம் ஏறியது. பட்டம் வராமல் போனதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் ரஷீதாவுக்கு வயிறு ஊத ஆரம்பித்தது. வாயு என்றார்கள், மாதவிடாய் நிற்கும் வயசு என்றார்கள். சென்னையில்தான் சினைப்பையில் புற்று என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். அது முடிந்து ஊருக்கு வந்த கமாலுதீன் சார், ஆசிரியர் அறையில் எல்லோரும் போகும்வரை காத்திருந்து என் மேசைப் பக்கம் வந்தார்.

"மருந்து ஏத்தணும்னு சொல்லிட்டாங்க மேடம். இன்னா மருந்துன்னு கேட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நம்ம மருந்துதான்" என்றார்.

அந்த மருந்தின் பெயரைக் கேட்டுப் பயப்படக்கூடிய ஆள் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அது ஊசி, அவ்வளவுதான். தெரிந்தவனுக்குத்தான் திண்டாட்டம் அதிகம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பெண்கள் வார்டில் கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்பதால் முதல் தடவை நானும் போனேன். சிறுநீரகம் கெடாமல் இருக்க பாட்டில் பாட்டிலாக உப்புநீர், பிறகு மருந்து, மறுபடி உப்புநீர். ரஷீதா குடலே வெளியே வருவது போல வாந்தி எடுத்தாள். நான் தட்டைப் பிடித்தேன். கமாலுதீன் சார் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "இந்நேரம் பாதி ஒட்டியிருக்கும் மேடம்" என்றார். ரஷீதா கண்ணைத் திறக்காமலே, "உங்க கிளாஸ காலேஜ்ல வெச்சுக்கோங்க. நான் கொஞ்சம் தூங்கறேன்" என்றாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் செஞ்சி வரைக்கும் அவள் தலை என் மடியில்தான் இருந்தது.

நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். மசூதித் தெருவில் அது இன்னும் ஜாஸ்தி. ஒரு வீட்டிலிருந்து ஆட்டுக்கால் பாயா, ஒரு வீட்டிலிருந்து நாட்டுக்கோழி முட்டை, எதிர்வீட்டு தனலட்சுமியிடமிருந்து பருப்புப் போட்ட கீரைக் கடைசல். தெம்பு வர வேண்டும் அல்லவா. இரண்டாவது தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்தபின் கமாலுதீன் சார் வாசற்படியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். முட்டை வேண்டாம், கறி வேண்டாம், பருப்பு வேண்டாம், பால் வேண்டாம். ஜவ்வரிசிக் கஞ்சி, பழச்சாறு, ரசம் சாதம் மட்டும்.

அவருடைய யோசனை இது. மருந்து புரதத்தோடு ஒட்டி வீணாகிறது. ரத்தத்தில் புரதம் கம்மியானால் ஒட்டுவதும் கம்மியாகும். கட்டிக்குப் போய்ச் சேரும் மருந்து ஜாஸ்தியாகும். ஆகவே ரஷீதா புரதம் சாப்பிடக்கூடாது. மருந்துக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து விலக்கு, பின்னாலும் ஒரு வாரம் விலக்கு. நடுவில் மிஞ்சும் நாட்களை வாந்தி தின்றுவிடும்.

இப்படி ஒரு தப்பை மருந்தைப் பற்றி எதுவும் தெரியாதவர் செய்ய முடியாது. முழுக்கத் தெரிந்தவரும் செய்ய மாட்டார். செலஃபேன் பையைக் கையால் கட்டியவர்தான் செய்ய முடியும்.

பாயாவோடு வந்தவர் அவருடைய சொந்த அக்கா. ஆபா என்று கூப்பிடுவார். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அந்த அம்மாள் அழுதார்கள். "படிச்சவன் பொண்டாட்டிய பட்டினி போடறான். யார்கிட்ட போய் சொல்றது?" தெரு முழுக்கக் கேட்டது. தனலட்சுமி பௌர்ணமிக்கு ரஷீதா பேரைச் சொல்லி மலை சுற்றிவிட்டு, அடி அண்ணாமலைக் கோயில் விபூதியைப் பொட்டலமாகக் கொண்டுவந்தாள். அதை மட்டும் சார் வாங்கிக்கொண்டார். "சாம்பல்ல புரோட்டீன் இல்ல. உள்ள வரலாம்" என்றாராம். தனலட்சுமிக்குச் சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

நானும் தப்பவில்லை. கீழ்பென்னாத்தூரில் என் அண்ணன் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கியிருந்தார்கள். அவித்து எடுத்துக்கொண்டு போனேன்.

"வேர்க்கடலையிலயும் இருக்குது மேடம்" என்று கையை நீட்டித் தடுத்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், சாப்பிடற முட்டை அப்படியே ரத்தத்துல போய் மிதக்கறதில்ல. வயித்துல அக்கு அக்கா உடையுது. அதுலருந்து ரத்தப் புரதத்தக் கல்லீரல் நிதானமாச் செய்யுது. ஒரு வாரம் பட்டினி போட்டா ரத்தம் மாறாது, ஆளுதான் மாறுவாங்க" என்றேன்.

"நீங்க தவளையப் பாருங்க மேடம். இத நான் பாத்துக்கறேன்" என்றார். பதினைந்து வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் மரியாதை குறைவாகப் பேசியது அந்த ஒருமுறைதான். முகத்தில் சவரம் இல்லை, கண் குழிக்குள் போயிருந்தது. அவரோடு சண்டை போட மனம் வராமல் திரும்பினேன்.

அவர் கல்லூரிக்குப் போன நேரம் பார்த்து மறுநாள் ரஷீதாவைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவளும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், லேசில் யார் சொல்லையும் நம்புகிறவள் இல்லை. "நீ ஏன் சும்மா இருக்கற? வாயத் தொறந்து பசிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றேன்.

"அவரு சொல்றது சரின்னு எனக்கும் தோணலக்கா" என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஆனா டாக்டருங்க கத்தி வெச்சாங்க, நர்சுங்க ஊசி போட்டாங்க, நீங்க தட்டு புடிச்சீங்க. அவருக்கு செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லக்கா. இதையாவது செய்யட்டும். இல்லன்னா அவரு ஒடஞ்சு போயிடுவாரு."

எனக்கு அவள் மேல் வந்த கோபம் அவர் மேல் வந்ததைவிடப் பெரியது. உயிரை வைத்தா புருஷனுக்கு வேலை கொடுப்பது? ஆனால் அவள் அதை ஒரு தியாகம் போலச் சொல்லவில்லை. கடைக்குப் போகிறவரிடம் பை எடுத்துக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். நான் கொண்டுபோயிருந்த கடலையில் ஒன்றையும் தொடவில்லை.

அடுத்த தடவை சென்னைக்குப் போனபோதும் நான் கூடப் போனேன். ரஷீதாவின் இரண்டு காலும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. மருத்துவர் ஓர் அம்மாள், எந்நேரமும் களைத்த முகம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மருந்து இன்றைக்கு ஏற்ற முடியாது என்றார். "ரத்தத்துல புரதம் ரொம்பக் கம்மி. இப்ப மருந்து குடுத்தா தாங்க மாட்டாங்க. வீட்ல என்ன சாப்பிடறீங்க?"

"எல்லாம் செஞ்சு குடுக்கறாங்கம்மா. எனக்குத்தான் எறங்கல" என்றாள் ரஷீதா.

கமாலுதீன் சார் எழுந்து நின்றார். பிரம்படிக்குக் கையை நீட்டும் பையனைப் போல இருந்தார். "இல்லைங்க டாக்டர். நான்தான் குடுக்கல" என்று தொடங்கி, செலஃபேன் பை, மஞ்சள் நிறம், ஆட்டு ரத்தம் எல்லாவற்றையும் சொன்னார். வெளியே நோயாளிகள் வரிசை நீண்டிருந்தது. அந்த அம்மாள் முழுக்கக் கேட்டார்.

"ஒட்டறது உண்மைதான் சார். பெரும்பகுதி ஒட்டித்தான் போகும். ஒட்டினது போக மிச்சம் வேலை செய்யணும்னுதான் இவ்வளவு அளவு குடுக்கறோம். அத யோசிச்சுத்தான் அளவு வெச்சிருக்காங்க. நீங்க புரதத்தக் கொறைச்சா மருந்து அதிகமாகாது, விஷம்தான் அதிகமாகும். உடம்பு தேறினா மூணு வாரம் கழிச்சுப் பாக்கலாம். தேறலைன்னா நிறுத்த வேண்டியதுதான்."

திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த அம்மாளுக்குத் திட்ட நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. நிறுத்த வேண்டியதுதான் என்ற சொல்லோடு நாங்கள் வெளியே வந்தோம்.

பேருந்தில் முன் இருக்கையின் தகட்டில் அவர் விரலால் எழுதிக்கொண்டே வந்தார். உடம்பில் மொத்தம் எவ்வளவு ரத்தம், அதில் எவ்வளவு புரதம், ஒரு தடவைக்கு எவ்வளவு மருந்து. திண்டிவனம் தாண்டியதும் விரல் நின்றது. "மருந்தைவிட புரதம் பல மடங்கு மேடம். பாதியாக் கொறைஞ்சாலும் ஒட்டறதுக்கு எடம் தாராளமா இருக்கும். ஒரு முட்டை கடல்ல கரைச்ச பெருங்காயம். பர்ஸ்ட் இயர் பையன் போடற கணக்கு. நான் போடல." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரஷீதா அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் செய்ததுதான் இந்த ஊருக்குத் தெரிந்த கதை. உங்களில் பலர் பார்த்தும் இருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ, கையில் தூக்கோடு, யார் யாரைத் திருப்பி அனுப்பினாரோ அவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் போய் நின்றார். முதலில் ஆபா வீடு. "ஆபா, நான் தப்பு பண்ணிட்டேன். பாயா இருந்தா குடுங்க" என்று கேட்டாராம். அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். இவர் அங்கேயே நின்றார். உள்ளே அடுப்பில் ஏற்றி, வேகும்வரைக்கும் நிறுத்திவைத்து, பிறகுதான் கதவைத் திறந்து தூக்கை வாங்கினார்கள். தனலட்சுமி வீட்டில் பருப்பு. கறிக்கடை மச்சானிடம் ஈரல். சாயங்காலம் ஊர் ஓரத்தில் இருந்த என் வீட்டுக்கும் வந்துவிட்டார்.

"வேர்க்கடலை இருக்குதுங்களா மேடம்?"

இருந்தது. அவித்துக் கொடுத்தேன். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "வீட்லயே முட்டை வாங்கி அவிச்சிருக்கலாம்தான். ஆனா திருப்பி அனுப்பினது வாசல்லதான? வாசல்லதான் கேக்கணும்" என்றார். அவர் சொன்னவற்றில் நான் அடிக்கடி மற்றவர்களிடம் சொல்வது இதைத்தான்.

அந்த மூன்று வாரமும் தெருவே சமைத்தது. ரஷீதாவுக்கு ஒரு வேளைக்கு இரண்டு வாய்தான் இறங்கும். இரண்டு வாய்க்கு ஐந்து வீட்டுப் பாத்திரம் வந்து நிற்கும். கால் வீக்கம் மெல்ல வடிந்தது. மருந்து மறுபடி ஏற்றினார்கள். மிச்சம் இருந்த தடவைகளும் முடிந்தன. கட்டி திரும்பவில்லை. காது மட்டும் போனது. அந்த மருந்து காதையும் பிடிக்கும். குக்கர் விசில், குழந்தைகள் கீச்சுக் குரல் இதெல்லாம் அவளுக்குக் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசினால் கேட்கும். உயிருக்குப் பதில் காதுதானே என்று அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அடுத்த வருடம் பிளாட்டினம் பாடம் வந்தபோது கமாலுதீன் சார் வகுப்பில் இதை முழுக்கச் சொன்னார். மனைவி பெயரைச் சொல்லவில்லை, தன் பெயரைச் சொன்னார். "அளவு போடாத அறிவு ஆபத்து" என்று கரும்பலகையில் எழுதினாராம். அந்த வகுப்பில் இருந்த பையன்கள் அழிக்காமல் வைத்திருந்த அந்த வரியை அடுத்த வகுப்புக்குப் போன தமிழாசிரியர் பொன்மொழி என்று நினைத்துப் பாராட்டினார்.

அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் தீரவே இல்லை. அதை என்னிடம் கேட்டது போன மாதம்தான். இருவரும் தேர்வு மேற்பார்வை முடித்துவிட்டு வேப்பமரத்தடியில் டீக்காக உட்கார்ந்திருந்தோம். அவருக்கும் ஓய்வு பெற அதிக நாளில்லை. பேச்சு எதிலோ தொடங்கி அங்கே வந்தது.

"மேடம், எனக்குப் பைத்தியம். சரி. அவளுக்குக் கணக்கு தெரியும், புத்தி இருக்குது. அவ ஏன் அப்ப ஒரு வார்த்தை சொல்லல? எத்தனையோ தடவ கேட்டுட்டேன். சிரிக்கறா, பதில் சொல்ல மாட்டேங்கறா."

ரஷீதா என்னிடம் சொன்னது எனக்கு மட்டும் சொன்னது என்றே நினைத்திருந்தேன். ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்தபோது மூடிவைத்திருக்க முடியவில்லை. "உங்களுக்குச் செய்ய வேற ஒண்ணும் இல்லையாம். இதையாவது செய்யட்டும், இல்லன்னா ஒடஞ்சு போயிடுவாருன்னு சொன்னா" என்றேன்.

டீ வந்தது. ஆறியது. அவர் டம்ளரைத் தொடவில்லை. மைதானத்தில் யாரோ பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப அவதான் எனக்கு வைத்தியம் பாத்திருக்கா."

எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நாங்கள் வேலை விஷயமாகத்தான் பேசினோம். அந்தப் பேச்சை மறுபடி எடுக்க இருவருக்கும் வாய்க்கவில்லை. நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தோம்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் போனேன். அறை நிறையப் பெண்கள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். ஆபா ஒரு மூலையில் சுருண்டு கிடந்தார்கள். ரஷீதா சுவரோரம் தலையில் முக்காட்டோடு இருந்தாள். அழுது முடித்திருந்தாள். அவர் சொன்னதை அவளிடம் சேர்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன். அதைக் காதோடு காதாகச் சொல்ல வேண்டிய இடம் அது. ஆனால் அவளிடம் காதோடு எதையும் சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து உரக்கவே சொன்னேன். நான் அவரிடம் சொல்லிவிட்டேன் என்பதையும், அதற்கு அவர் சொன்னதையும். ஓதல் நின்றுவிட்டது. அறையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

ரஷீதா என் முகத்தையே பார்த்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்றாள்.

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையா, திரும்பவும் கேட்க ஆசைப்பட்டாளா, எனக்குத் தெரியாது. நான் மறுபடி சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் கிளம்பும்வரை விடவில்லை.

அந்த வார்த்தை அவளுடையது. அவளிடம் சேர்த்துவிட்டேன். ஆனால் அதைச் சொன்னபோது வேப்பமரத்தடியில் அவர் முகம் இருந்த விதம், நெடுநாள் சுமந்த ஒன்றை யாரோ வந்து வாங்கி இறக்கிவைத்தது போன்ற அந்த முகம், என்னிடம் இருக்கிறது. அதை அவளிடம் கொடுக்க வழி தெரியவில்லை. நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.